செபஸ்தியான் இடுப்பில் இருந்த புத்தகம்

அன்று காலை பத்து மணி இருபது நிமிடம். ஆர்.டி.ஓ. அலுவலகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன். என் லாரியின் ஆர்.சி. புத்தகம் புயலில் வீட்டோடு போய்விட்டதாக எழுதிக் கொடுத்தேன். பொய்! வீடு போகவில்லை. புத்தகம் என்னிடம் இருந்ததே இல்லை. லாரியும் என்னுடையதல்ல!

நான்கு ஆண்டுகளாக வாய் திறக்கவில்லை. தெரிந்தவர்கள் இருவர், இருவரும் என்னோடு பேசுவதில்லை. யாராவது என் பெயரைச் சொல்லி அழைத்தால், என்னைத்தானா என்று இன்றும் திரும்பிப் பார்க்கிறேன். உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்...

லாரி செபஸ்தியானுடையது. தனுஷ்கோடியில் கருவாட்டு வியாபாரி. தீவுக்கு ரயில் பாலம் உண்டு. லாரி போக வழியில்லை. அதனால் அது மண்டபத்தில், என் வீட்டு வாசலில் நின்றது. இக்கரை விலாசம் வேண்டுமென்று என் பெயரிலேயே பதிந்தோம். புத்தகம் மட்டும் அவனிடம். எங்களுக்குள் வேறு எழுத்து இல்லை.

"புத்தகம் யாருகிட்டயோ, வண்டி அவுகளுக்கு. வாத்தியாரே, நீங்க வெறும் பேருதான்!" என்று சிரிப்பான்.

பிறகு அந்தப் புயல். தனுஷ்கோடியே இல்லாமல் போயிற்று. அவனைப் பற்றித் தகவல் இல்லை. பதினைந்து நாள் காத்திருந்தேன்... அவன் வரவேண்டுமென்றா? வரக்கூடாதென்றா?

லாரியை ஓட்டியவன் என் மகன் முருகேசன். வேறு பிழைப்பு அமையாதவன். "அய்யா, இனி இது யாரு வண்டி?" என்றான்.

"நம்மதுதான்" என்றேன். எவ்வளவு எளிதாக வந்தது அந்தச் சொல்!

அலுவலக குமாஸ்தா இரக்கத்தோடு கேட்டார்: "வீடும் போச்சா சார்?"

"போச்சு."

"புள்ளைக?"

"இருக்காங்க."

"அப்புறம் என்ன சார்! காயிதந்தானே, வேற எழுதிக்கலாம்."

'நகல்' என்று முத்திரையிட்ட புத்தகம் வந்தது. மறு மாதமே லாரியை மகன் பெயருக்கு மாற்றினேன்.

செபஸ்தியானின் மனைவி மரியம்மா பேறுகாலத்துக்காகத் தொண்டிக்குப் போயிருந்தாள். அது எனக்குத் தெரியும்! தொண்டி என்ன கடல் கடந்தா இருக்கிறது? பஸ் ஏறினால் ஒரு பொழுது... நான் ஏறவில்லை.

புயல் கழிந்த எட்டாம் மாதம் அவளே வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. முருகேசன் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் மெழுகுத்துணியைப் பிரித்து, உப்புநீரில் ஊறிப் பருத்த ஒரு புத்தகத்தை என் முன் வைத்தாள்.

"இத்தன மாசமா அவுகளத் தேடுனேண்ணே. போலீஸ் டேசன்ல இந்தப் புத்தகத்தப் பாத்துத்தான் கண்டுக்கிட்டேன். இடுப்புல கட்டியிருந்தாகளாம். உள்ள இருந்த பேரப் பாத்து ஒங்க பேர்லயே பொதச்சுட்டாக. புத்தகம் இருக்கவுகளுக்குத்தான் வண்டின்னு சொல்லுவாகள்ல... கொண்டாந்துட்டேன்."

முருகேசனின் கையிலிருந்த ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா? நான் சொன்னது இதுதான்: "நகல் வாங்கியாச்சு மரியம்மா. இது இனிச் செல்லாது."

அவள் அழவில்லை. புத்தகத்தை மறுபடி துணியில் சுற்றினாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"அங்கன மண்ணுக்குள்ள ஒங்க பேர்ல கெடக்காகளே... அந்தப் பேராவது செல்லுமாண்ணே?"