சூரியன் மறையும்வரை அனுமதி

அடுத்தவர் கோபத்தைத் தணிக்கிற வேலைக்கு வருகிறவர் தம்முடைய கோபத்தை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும் என்பார்கள். என் வீட்டில் அதற்கு இடமில்லாததால் நான் கையோடு கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு அடுத்த வருஷம், மரக்காணம் உப்பளத்துப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில் உபதேசியாராக இருந்தேன். சாமியார் எப்போதாவது வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்றபடி செபம், ஞானோபதேசம், சண்டை விலக்குவது எல்லாம் என் தலையில். சொந்தக்காரர் சண்டையில் நியாயம் சொல்லப்போய் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும்.

எனக்கு வாய்த்தவர்கள் அந்தோணியும் அவர் தம்பி சூசையும். பக்கத்துப் பக்கத்து உப்புப் பாத்தி. அண்ணன் பாத்தி ரோட்டோரம். லாரிப் புழுதி விழுந்து உப்பு மங்கலாக இருக்கும். தம்பியுடையது உள்ளே தள்ளி. உப்பு வெளேரென்று இருக்கும். வியாபாரி ஒருவர் அண்ணன் எதிரிலேயே தம்பி உப்பை அள்ளிப் பார்த்துப் புகழ்ந்துவிட்டுப் போனார். அதோடு பேச்சு நின்றது, திட்டு மட்டும் நிற்கவில்லை. அந்தோணி மகள் பிலோமினாவுக்கு ஆவணியில் கல்யாணம். சித்தப்பா வந்து முன்னால் நிற்காத வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று கீழ்புத்துப்பட்டு மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண் என்னிடம் வந்து அழுதது. கோபத்தையும் பொறாமையையும் பற்றி வேதம் சொல்வதையெல்லாம் சொல்லி இருவரையும் சேர்த்து வைக்கிறேன் என்று, யோசிக்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

புதுக் கோபம்

முதல் பாடம் கோபம். சூரியன் மறைவதற்குள் அதை விட்டுவிட வேண்டும் என்று வேதம் சொல்வதைச் செபக் கூட்டத்தில் விளக்கினேன். அந்தோணி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். மறுநாள் விடியற்காலையில் பாத்தியில் இறங்கினதும் தம்பியைத் திட்ட ஆரம்பித்தவர், சூரியன் சாய்கிற நேரம் பார்த்துப் பட்டென்று நிறுத்தி, சிலுவை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்த நாளும் அப்படியே. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நான் சொன்னது இதுதானா என்று போய்க் கேட்டேன். பாடம் புரியாதவனுக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்:

"நேத்து கோவத்தை நேத்தே வுட்டுட்டேன் ஐயா. இது இன்னைக்குப் புதுசா வந்தது."

காணிக்கை

அடுத்தது பொறாமை. வேதத்தில் ஆரம்பத்திலேயே ஓர் அண்ணன் தம்பி கதை வருகிறது. தம்பி கொடுத்த காணிக்கையைக் கடவுள் ஏற்றுக்கொண்டார், அண்ணன் கொடுத்ததைத் திரும்பியும் பார்க்கவில்லை. அண்ணனுக்கு வந்த பொறாமை கொலையில் போய் முடிந்தது. இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது என்று உருகி உருகிச் சொன்னேன். கதையில் வந்த நல்ல தம்பி தானேதான் என்று சூசை நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தோணி மட்டும் தரையைப் பார்த்தபடி இருந்தார். மனசு இளகிவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

கூட்டம் கலைந்ததும் என்னைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னார்: "பாவம், அந்த வியாபாரியப் போய்த் திட்டிட்டேன் ஐயா. கடவுளே ஓரவஞ்சனை பண்ணியிருக்காரு."

மழைச் செபம்

ஆடி பிறந்தால் பிரம்மதேசம் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் மழைக்குச் செபிக்கச் சொல்வார்கள். உப்பளத்துக்காரர்கள் மழை வேண்டாம் என்று செபிக்கச் சொல்வார்கள். இரண்டு கூட்டத்தையும் வேறு வேறு நாளில் முழங்காலில் நிறுத்திவிட்டு, அதற்கு மேல் கடவுள் பாடு என்று விட்டுவிடுவேன். அந்த வருஷம் மழை கேட்கிற கூட்டத்தில், விவசாயிகளுக்கு நடுவே, அந்தோணி கண்ணை மூடிக் கையை விரித்து உருக்கமாக வேண்டிக்கொண்டிருந்தார். மகள் கல்யாணமே பாத்தியில் கிடக்கிற உப்பை நம்பித்தான். பெய்தால் எல்லாம் கரைந்துவிடும். செபம் முடிந்ததும் அவரை நிறுத்தி, உங்கள் உப்பும் சேர்ந்துதானே போகும் என்று கேட்டேன்.

"போவட்டும் ஐயா. என்து அழுக்கு உப்பு. அவன்து வெள்ளை உப்பு, அவனுக்குத்தான் நட்டம் கூட."

எல்லாம் ஒரே உப்பு

கல்யாணத்துக்கு முன் கோயிலில் மூன்று முறை படிக்க வேண்டிய கல்யாண ஓலையை இரண்டு முறை படித்தாயிற்று. பிலோமினா சாப்பிடுவதில்லை என்று அவள் அம்மா வந்து சொல்லிவிட்டுப் போனார். இதற்கு மேல் தாங்காது என்று இருவரையும் வரப்புக்கு வரவழைத்து, சாந்தத்தையும் நீடிய பொறுமையையும் பற்றி வேதம் சொல்வதை ஆரம்பித்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. நான் நீடிய பொறுமைக்கு வருவதற்குள் இருவரும் என் தலைக்கு மேலாகத் திட்டிக்கொள்ளத் தொடங்கினார்கள். எனக்கு வந்ததே ஆத்திரம். அண்ணன் உப்பாவது தம்பி உப்பாவது, குழம்பில் போட்டால் எல்லாம் ஒன்றுதான், இந்தக் கருமத்துக்கா ஒரு பெண்ணைப் பட்டினி போடுகிறீர்கள் என்று உப்பளம் அதிரக் கத்திவிட்டேன்.

இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். அக்கம்பக்கத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். பேசக்கூடாததைப் பேசிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. அந்தோணி குனிந்து, தம்பியின் குவியலிலிருந்து ஒரு பிடி அள்ளி, என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"கடையில பாக்கெட் உப்பு வாங்குற வூட்டுக்காரரு நீங்க. என் தம்பி உப்பைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

பந்தி

அன்று என்னைத் திட்டிக்கொண்டே இருவரும் ஒன்றாக வீட்டுக்குப் போனார்கள். கல்யாணத்தில் சூசைதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றார். பிலோமினா சிரித்த முகமாக இருந்தாள், என் வயிறு குளிர்ந்தது. மத்தியானப் பந்தியில் அண்ணனும் தம்பியும் சேர்ந்தே வந்து இலை இலையாக உப்பு வைத்தார்கள். வெள்ளை உப்பு. என் இலை வந்ததும் ஆகாயத்தைப் பார்த்தபடி தாண்டிப் போனார்கள்.

அந்தோணியைக் கூப்பிட்டேன். இத்தனை நாளாகியும் என்மேல் கோபமா, வேதம் சொன்னது மறந்துபோயிற்றா என்று கேட்டேன். பந்தலுக்கு வெளியே உச்சியில் நின்ற வெயிலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"மறக்கல ஐயா. சூரியன் மறைய இன்னும் நேரம் இருக்குதே."

உப்பில்லாத சாப்பாட்டைச் சாப்பிட்டு எழுந்த நானும் அன்று பொழுது சாயும்வரை அவர்கள் இருவர்மேலும் கோபமாகத்தான் இருந்தேன், எல்லாம் வேதத்துக்கு உட்பட்டுத்தான்.