முழங்காலுக்குக் கீழே அண்ணன் பெயர்

2022 ஆகஸ்ட் 14, ஞாயிறு. எழுந்ததும் தண்ணீர் பிடித்தேன். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன்கூடை கொண்டுவரும் அக்காவிடம் சங்கரா வாங்கி, செதில் நீக்கி, மஞ்சளும் உப்பும் தடவி மூடி வைத்தேன். சேலையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு பூசைக்குப் புறப்பட்டேன்.

மாதா கோயிலில் பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சு, நடுவழியை ஒட்டிய ஓரம். ஒரு வருடமாக அதுதான் என் இடம். அப்பா போனபின் அண்ணன் எங்கள் வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். கேட்டதற்கு, "பொம்பளப் புள்ளைக்கு நகை போட்டு அனுப்பியாச்சுல்ல" என்றார். வீட்டை இடித்துக் கடைகள் கட்டினார். உத்திரத்து மரத்தில் மிஞ்சியதை இந்தப் பெஞ்சாக்கிக் கோயிலுக்குக் கொடுத்தார். சாய்மானத்தில் எழுத வேண்டிய 'உபயம்' வரியைப் பெயிண்டர் தவறுதலாக முழங்கால் போடும் பலகையில் எழுதிவிட்டார். உபயம், அதற்கடுத்து அண்ணன் பெயர். கண்டதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வாராவாரம் அந்தப் பெயர்மேல் சரியாக முட்டியை வைப்பேன். எழுந்திருக்கும்போது சற்றே திருகுவேன். ஒரு கடைகூட வாடகைக்குப் போகக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன். பரலோக மந்திரத்தில், நமக்குத் தீமை செய்தவர்களைப் பொறுக்கும் வரி வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வேன். கடைகள் எல்லாம் வாடகைக்குப் போயின. நான் விடவில்லை.

அன்று பூசை முடிந்ததும் அண்ணன் நேராகப் பெஞ்சுக்கு வந்தார்.

"என்ன உபதேசியாரே, பெயிண்டு அடிச்சீங்களா, சுண்ணாம்பு அடிச்சீங்களா? பேரே காணோம்!"

கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் என்னைக் காட்டிச் சிரித்தார். "தங்கச்சியக் கேளுங்க. எத்தனை எடம் காலியா கெடந்தாலும் இங்கதான் முட்டி போடுறாங்க. அண்ணன் மேல அம்புட்டுப் பாசம்!"

அண்ணன் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"எனக்காக வேண்டிக்கிறியாக்கும்?"

"வேற யாருக்காகண்ணே? வாரம் தவறுறதில்ல."

"ஒனக்கு நேரமிருக்கு. நான் வாசல்ல நிக்கிறப்பவே கடைக்காரன் போன் அடிச்சிடுறான். முட்டி போட்டே எத்தனையோ நாளாச்சு." சொல்லும்போதே சட்டைப்பையில் போன் அடித்தது. "நாளைக்கு மாதா திருநாள், ஊரே வரும். இன்னிக்கே எழுதிடுங்க" என்று உபதேசியாரிடம் சொல்லிக்கொண்டே வெளியே போனார்.

வீட்டுக்கு வந்து சங்கராக் குழம்பு வைத்தேன். உப்பு கூடிவிட்டது. வீடு முழுதும் அண்ணனுக்கே போய்விட்டது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். ஆனால் அந்த வீட்டு மரத்தில் முட்டி போட எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். அவரைச் சபிக்கத்தான் போனேன். போன சாக்கில் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் ஆண்டவர் முன்னால் இருந்திருக்கிறேன். பெயர் அவருக்கு, இடம் எனக்கு. இதைவிடப் பெரிய பழிவாங்கல் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை, கூட்டம் வருமுன், முதல் வேலையாகக் கோயிலுக்குப் போனேன். அண்ணன் பெயர் பளிச்சென்று இருந்தது. பெயிண்ட் இன்னும் காயவில்லை. ஓர் அழுத்து அழுத்தினால் போதும். முட்டி துடித்தது. சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வெறுந்தரையில் முட்டி போட்டேன். தரைக்கு யாரும் உபயம் எழுதியிருக்கவில்லை. பரலோக மந்திரத்தில் அந்த வரி வந்தபோது, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.