டெக்லாவின் மேசையில் கடைசி பான்கேக்

ஸ்வீடனில் போர்க்காலத்தில் ஆண்ட நாலு கட்சி அரசாங்கத்தைப் பற்றிப் படித்தவர்கள் கட்டுக்கட்டாக எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த மந்திரி என்ன பேசினார், எந்தத் தூதர் எந்த வாசல் வழியாக வந்தார், எதையும் விடவில்லை. அந்த மந்திரிகளுக்குச் சூப் காய்ச்சிப் போட்ட டெக்லா நோர்பியை மட்டும் விட்டுவிட்டார்கள். சூப் தானாகவே கொதித்தது என்று நினைத்தார்களோ என்னவோ.

டெக்லா எங்கள் வடக்கத்திக்காரி. ஆற்றோரத்து மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவனின் மகள். அவள் படித்தது பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் கோயிலில் பாடும் அளவுக்குத்தான். ஒரு மரப்பெட்டியோடு ஸ்டாக்ஹோமுக்கு வந்து, மந்திரிசபைக் கட்டடத்தின் மேல்மாடிச் சமையலறையில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தாள். தேய்த்தவள் கிழங்கு உரித்தாள், உரித்தவள் அடுப்படிக்கு வந்தாள், கடைசியில் சமையலறையே அவள் கையில் வந்தது. நாலு பெண்கள் அவளுக்குக் கீழே வேலை பார்த்தார்கள்.

"என்னை யாரும் ஏத்தி விடல, நானா ஏறினேன்" என்பாள். கேட்டவரிடமும் சொல்வாள், கேட்காதவரிடமும் சொல்வாள். சொல்லட்டுமே. ஏறியவளுக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா?

மந்திரிகள் எல்லோரும் மதியம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது அந்த வீட்டு வழக்கம். காலையில் காகிதத்தில் முடியாத காரியம், மதியம் சாப்பாட்டு மேசையில் முடிந்துவிடும். வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப்பும், மெல்லிய தோசை போலச் சுட்டு ஜாம் பூசித் தின்னும் பான்கேக்கும். ராஜா வீட்டிலும் அதுதான், சிறைச்சாலையிலும் அதுதான்.

பக்கத்து நாடான பின்லாந்தின் மேல் குண்டு விழுந்த குளிர்காலத்தில், இங்கே சண்டை போட்டுக்கொண்டிருந்த நாலு கட்சிகளும் சேர்ந்து ஒரே மந்திரிசபை அமைத்தன. சேர்ந்தது பெயருக்குத்தான். முதல் வியாழக்கிழமையே டெக்லா அதைப் பார்த்துவிட்டாள். அவளுடைய நீள மேசையின் ஒரு கோடியில் தொழிலாளர் கட்சிக்காரர்கள், மறுகோடியில் வலதுசாரிகள், நடுவில் ஆளுக்கொரு பக்கமாக விவசாயிகள் கட்சியும் தாராளவாதிகளும். ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் நடுவே காலி நாற்காலிகள். பேச்சு மூச்சு இல்லை. கரண்டிச் சத்தம்தான். சாப்பிட்டதும் எழுந்து போய்விட்டார்கள்.

கட்டடத்தை மேற்பார்க்கும் புருமாண்டர் சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"டெக்லாம்மா, மனசுல வச்சுக்க. அடுத்த மாசத்துல இருந்து அவங்கவங்க அறைக்கே தட்டுல சாப்பாடு கேக்கறாங்க. வெளியில ஓட்டல்ல இருந்து வரவழைச்சுக்குவாங்களாம். இந்த மாடிய விமானத் தாக்குதல் காவலுக்குக் கொடுத்துடலாம்னு பேச்சு."

"என் அடுப்பு?"

"அடுப்புல அவங்க கை காய்ச்சிக்குவாங்க."

"என் பொண்ணுங்க நாலு பேரும்?"

புருமாண்டர் தோளைக் குலுக்கினார். நல்ல மனிதர்தான். ஆனால் மேலே இருந்து வந்த காற்றுக்கு வளைகிற ஆள்.

டெக்லா பாத்திரத் தொட்டிப் பக்கம் போனாள். திரும்பி வந்த பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு கூட்டத்துக்கு நாலு பான்கேக் தட்டு போயிருந்தது. நாலு தட்டிலும் ஒவ்வொரு பான்கேக் மீதி. எங்கள் சனங்களுக்குத் தட்டில் கிடக்கும் கடைசித் துண்டை எடுப்பது என்றால் உயிர் போய்விடும். பசியில் வயிறு ஒட்டிக்கொண்டாலும் எடுக்க மாட்டார்கள். எடுத்தவன் பேராசைக்காரன் என்று பெயர் வாங்க வேண்டுமே! இதில் பிரபுவும் ஒன்றுதான், கல் உடைக்கிறவனும் ஒன்றுதான்.

"மாவுக்கு ஊரே ரேஷன் கூப்பனோட வரிசையில நிக்கப்போகுது. இவங்க நாலு பான்கேக்க வீணாக்குறாங்க" என்று அவள் பல்லைக் கடித்தாள். "கட்சிக்கு ஒண்ணாம்! இனிமே எல்லாருக்கும் ஒரே தட்டு. வேணும்கிறவன் பக்கத்துல வந்து உக்காரட்டும்."

அந்த மேசை நடுவில் பலகை செருகி நீட்டுகிற மாதிரியானது. அடுத்த வியாழனுக்குள் அவள் இரண்டு பலகைகளை உருவி, நிலவறையில் விறகுக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள். கூடவே உபரி நாற்காலிகளையும் அப்புறப்படுத்தினாள். மேசை பாதியாகச் சுருங்கிவிட்டது.

"பலகை எங்கம்மா?" என்று புருமாண்டர் பதறினார்.

"குளிர்ல வளைஞ்சு போச்சு. தச்சன்கிட்ட இருக்கு."

"எந்தத் தச்சன்?"

"வளைஞ்சத நிமித்துற தச்சன்."

மந்திரிகள் வந்தார்கள், திகைத்தார்கள், வேறு வழியில்லாமல் முழங்கையோடு முழங்கை இடிக்க உட்கார்ந்தார்கள். வலதுசாரிக் கட்சியின் பிரபு ஸ்டீர்ன்வாலுக்குப் பக்கத்தில், முன்பு கல்குவாரியில் கல் உடைத்த தொழிலாளர் கட்சி மந்திரி ஹாக்மான். எதிரில் விவசாயிகள் கட்சியின் ட்ருல்சன், தெற்கத்திக்காரர், சாப்பாட்டுப் பிரியர். பிரதமர் அன்றைக்கு அரண்மனைக்குப் போயிருந்தார்.

ஒரே தட்டு கைமாறிக் கைமாறிச் சுற்றியது. கடைசியில் ஒரு பான்கேக் மிச்சம். எல்லோரும் அதைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.

"விவசாய மந்திரி எடுத்துக்கட்டும்" என்றார் பிரபு.

"ஐயையோ, எனக்கு வயிறு நிறைஞ்சிடுச்சு" என்றார் ட்ருல்சன். கண் பான்கேக் மேலேயே இருந்தது. "பிரபு எடுத்துக்கிட்டா எங்களுக்கெல்லாம் சந்தோஷம்."

"நான் எப்படி எடுக்கறது? ஹாக்மான் இளைச்சுப்போய் இருக்கார்."

"எங்க கட்சிக்காரன் எடுத்தா நாளைக்கு உங்க பத்திரிகையில கொட்டை எழுத்துல போட்டுருவீங்க" என்றார் ஹாக்மான்.

ட்ருல்சன் பொறுக்க முடியாமல் கத்தியை எடுத்துப் பாதியாக வெட்டிக்கொண்டார். மீதிப் பாதியை இன்னொருவர் பாதியாக்கினார். அதை மற்றொருவர். கடைசியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துணுக்கு தட்டில் கிடந்தது. அதையும் யாரும் தொடவில்லை.

"ராணுவத்துக்கு நீங்க ஒதுக்கின பணமும் இப்படித்தான் ஆச்சு" என்று பிரபு முணுமுணுத்தார்.

ஹாக்மானுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவர் சிரித்ததும் மேசையே சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே பிரபு, வடக்கு எல்லையில் காவல் நிற்கும் பையன்களுக்குக் ஆட்டுத்தோல் அங்கி இல்லை என்று ஆரம்பித்தார். தோல் தன் ஊர்க்காரர்களிடம் இருக்கிறது என்றார் ட்ருல்சன். தைக்கத் தன் ஆட்கள் தயார் என்றார் ஹாக்மான். காகிதத்தில் வாரக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்த காரியம், காப்பி ஆறுவதற்குள் முடிந்தது.

கதவிடுக்கில் நின்ற டெக்லா தன் பெண்களிடம் திரும்பினாள். "பாத்தீங்களாடி? யாரோட மேசை?"

"உங்க மேசைதான்க்கா."

அதற்குப் பிறகு தட்டுச் சாப்பாட்டுப் பேச்சு அடங்கியது. அடங்கியதே ஒழியச் சாகவில்லை. ஒரு கட்சி முறைத்துக்கொண்டாலும் மறுபடி கிளம்பிவிடும் என்பது டெக்லாவுக்குத் தெரியும்.

அப்படியே ஆயிற்று. இரண்டு வருடம் விளைச்சல் பொய்த்து, ரொட்டிப் பங்கைக் குறைத்தே ஆகவேண்டும் என்ற வசந்தம் வந்தது. குறைக்க வேண்டும் என்பதில் நாலு கட்சிக்கும் சந்தேகமில்லை. நாட்டுக்கு அதை யார் சொல்வது என்பதுதான் சண்டை. சொன்னவன் கட்சி அடுத்த தேர்தலில் மண்ணைக் கவ்வும். போதாததற்கு, மரம் வெட்டுகிறவர்களுக்குக் கொடுக்கும் கூடுதல் ரொட்டியையும் நிறுத்தலாம் என்று பிரபு சொல்லி வைத்தார். ஹாக்மான் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியேறினார். அது புதன்கிழமை.

வியாழன் காலையில் புருமாண்டர் வியர்த்துப்போய் வந்தார். "ஹாக்மான் தன் அறைக்கே தட்டு கேக்கறார். அவர் ஆளுங்களும் அப்படியே. இதக் கேட்டு வலதுசாரிங்களும் தட்டு கேட்டாச்சு. முடிஞ்சுது டெக்லாம்மா. சாயங்காலம் ராஜினாமா கடிதம்னு பேச்சு. உன் மாடியும் போச்சு."

டெக்லா ஏப்ரனைக் கழற்றவில்லை. ஒரு கிண்ணத்தில் சூப்பை மட்டும் ஊற்றி எடுத்துக்கொண்டு, தானே ஹாக்மானின் அறைக்குப் போனாள்.

"பான்கேக் எங்க?" என்றார் அவர், நிமிராமலே.

"மேசையில."

"டெக்லா, இன்னிக்கு வேணாம். அந்த ஆள் பக்கத்துல என்னால உக்கார முடியாது. காட்டுல மரம் வெட்டுறவன் வாயில இருந்து ரொட்டியப் பிடுங்கணும்கிறான்."

"எங்க தம்பி இவார் மரம்தான் வெட்டிக்கிட்டு இருந்தான்" என்றாள் டெக்லா.

ஹாக்மான் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்குத் தெரியும். வேலைநிறுத்த ஊர்வலத்தில் போனபோது சிப்பாயின் குண்டு பட்டு முழங்கால் போனவன் அவன்.

"அன்னிக்குச் சுட்டவங்க பக்கம் நியாயம்னு சபையில எந்திரிச்சுப் பேசினவர் இந்தப் பிரபு. எங்க அப்பா பேப்பர்ல அதப் படிச்சுட்டு ராத்திரி சாப்பிடல. அந்த மனுஷனுக்குத்தான் இத்தன நாளா நான் சூப்பு ஊத்துறேன். முதல் நாள் அவர் மடியிலேயே கொட்டிரலாமான்னு கூட இருந்துச்சு."

"ஏன் கொட்டல?"

"கொட்டுனா எனக்கு மனசு ஆறும். இவார் கால் வருமா? கொட்டாததனாலதான் அவரு அந்த மேசையில இருக்காரு. நீங்க நாலு வார்த்த கேக்க முடியுது. இங்க கதவ மூடிக்கிட்டுத் தனியா சூப்பு குடிச்சா, மரம் வெட்டுறவன் ரொட்டிக்கு அங்க யாரு வாயத் திறக்கப்போறா? நானா? என்னையச் சமையக்கட்டுல இருந்தே விரட்டப் போறாங்க."

ஹாக்மான் பேனாவுக்கு மூடி போட்டார்.

"உனக்கு வாய் ஜாஸ்தி" என்றார்.

"கையும்தான். சூப்பு ஆறுது, எந்திரிங்க."

அவர் எழுந்தார். கிண்ணத்தைத் தானே கையில் ஏந்திக்கொண்டு மாடி ஏறினார். ஒரு மந்திரி சூப்புக் கிண்ணத்தோடு படியேறுவதைக் கண்ட குமாஸ்தாக்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். டெக்லா போகிற வழியில் பிரபுவின் கதவைத் தட்டி, "ஹாக்மான் மேல வந்தாச்சு. பிரபுவுக்குச் சூப்பு அங்கதான்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நடந்தாள். கல் உடைத்தவன் வந்துவிட்டான், தான் வரவில்லை என்று பெயர் வாங்கப் பிரபு தயாராக இல்லை. மற்றவர்களும் வந்தார்கள்.

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. தட்டு சுற்றியது. கடைசிப் பான்கேக் நடுவில் கிடந்தது. இந்த முறை யாரும் யாரையும் எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. கத்தியையும் தொடவில்லை. டெக்லா காப்பிப் பானையோடு சுவரோரம் நின்றாள். அவள் அடுப்பு, அவள் பெண்கள், அவள் மாடி, எல்லாம் அந்தத் தட்டில் கிடந்தன.

பிரபு ஸ்டீர்ன்வால் கையை நீட்டினார். முழுப் பான்கேக்கையும் முள்கரண்டியில் குத்தித் தன் தட்டில் போட்டுக்கொண்டார். மேசையில் ஒருவர் மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. அப்படி ஒரு காரியத்தை ஸ்வீடனில் யாரும் பார்த்ததில்லை.

"ஒருத்தன் எடுத்துத்தான் ஆகணும்" என்றார் பிரபு. முகம் சிவந்திருந்தது. "ரொட்டி விஷயத்த நான் சொல்றேன். பழி என் கட்சி மேலயே இருக்கட்டும். மரம் வெட்டுறவங்க பங்கு... அத நேத்து நான் யோசிக்காம சொல்லிட்டேன். அது அப்படியே இருக்கட்டும்."

ஹாக்மான் அந்தத் தட்டைப் பார்த்தார். பிறகு தன் கத்தியை எடுத்து, பிரபுவின் தட்டில் இருந்த பான்கேக்கைப் பாதியாக வெட்டித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பழிய முழுசா விழுங்கிட்டுத் தியாகின்னு பேர் வாங்கப் பாக்கறீங்களா? நடக்காது. நானும் கையெழுத்துப் போடறேன்."

"அப்ப எனக்கும் ஒரு துண்டு" என்று ட்ருல்சன் தட்டை நீட்டினார். "எனக்குப் பழியும் வேணும், பான்கேக்கும் வேணும்."

தாராளவாதி மந்திரிக்கு ஓரத்துத் துணுக்குதான் கிடைத்தது. அவரும் விடவில்லை. ரொட்டி குறைகிற செய்தி நாலு கட்சியின் பெயரிலும் ஒன்றாக வெளியானது. சனங்கள் திட்டினார்கள்தான். நாலு பேரையும் சரிசமமாகத் திட்டினார்கள். ராஜினாமா கடிதம் எதுவும் போகவில்லை. விமானத் தாக்குதல் காவலுக்குப் புருமாண்டர் வேறு மாடி பார்த்துக் கொடுத்தார்.

போர் முடிந்த கோடையில் அந்த அரசாங்கமும் முடிந்தது. கட்சிகள் பழையபடி தங்கள் சண்டைக்குத் திரும்ப வேண்டிய காலம். கடைசி வியாழக்கிழமை, வழக்கம்போல ஒரு பான்கேக் மிஞ்சியது. பிரபு சமையலறைப் பக்கம் திரும்பி, டெக்லாவைக் கூப்பிடச் சொன்னார். அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஹாக்மான் எழுந்து தன் நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டார்.

"உக்காரும்மா. இத எடுக்க உனக்குத்தான் உரிமை."

டெக்லா உட்கார்ந்தாள். வெட்கமெல்லாம் படவில்லை. ஜாமைத் தாராளமாகப் பூசி, பாதியாக்காமல், யாருக்கும் நீட்டாமல், முழுசாகச் சாப்பிட்டாள். மந்திரிசபை மொத்தமும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார் பிரபு.

"நான் சுட்டது. நல்லா இல்லாம போகுமா?" என்றாள் டெக்லா. கதவருகே நின்ற புருமாண்டரைத் திரும்பிப் பார்த்தாள். "தச்சன்கிட்ட இருந்து பலகை வந்துடுச்சு. விறகுக்குப் பின்னாடி இருக்கு. இனிமே போட்டுக்கலாம்."