விமானிக்கு நான் சொன்ன பொய்

பிரெஞ்சுத் தலைநகரின் மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதியில், மூன்றாம் மாடியில் இருந்த அந்த வீட்டுக்கு நான் முதல் நாள் வேலைக்குப் போனபோது, கதவைத் திறந்தவர் உயரமான, வயதான ஒரு கறுப்பர். கையில் துடைக்கும் துணி வைத்திருந்தார். வேலைக்காரர் என்று நினைத்து, "முசியோ இருக்கிறாரா?" என்று வீட்டு ஐயாவைப் பிரெஞ்சில் கேட்டேன்.

"நான்தான் அந்த முசியோ," என்றார். சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. வழிவிட்டு நின்றார்.

வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்ச் சமைத்து, துப்புரவாக்கிக் கொடுப்பது என் வேலை. இவருடைய மனைவி இறந்துவிட்டார். மகள் தூரத்தில் வேறொரு நகரத்தில். கூடத்துச் சுவரில் ஒரு படம் தொங்கியது. போர் விமானத்தின் ஏணியில் ஒரு காலை வைத்தபடி, தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான் ஓர் இளைஞன். அது அவர்தான் என்று நம்ப எனக்கு ஒரு வாரம் எடுத்தது.

பிரான்சுக்குச் சொந்தமான மார்த்தினிக் தீவில் கரும்பு வெட்டிய ஒருவரின் மகன். பிரெஞ்சு விமானப்படையில் சேர்ந்து, தன் படைப்பிரிவின் முதல் கறுப்பு விமானி ஆனவர். அதிகாரிகளின் சாப்பாட்டுக்கூடத்துக்குள் முதன்முதலாக நுழைந்தபோது, ஒருவர் தன் மேலங்கியைக் கழற்றி, மாட்டி வைக்கச் சொல்லி இவர் கையில் கொடுத்தாராம்.

"மாட்டி வைத்தேன். பிறகு போய் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன்," என்றார்.

எனக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. போர் நடந்த வன்னியில், குண்டு போடும் விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடி வளர்ந்தவள் நான். அதை ஒருநாள் அவரிடம் சொன்னேன். மறுநாள் போனபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது. படத்தைத் தன் படுக்கையறைக்குள் கொண்டுபோய்விட்டிருந்தார். "இது நீங்கள் வேலை செய்யும் இடம்," என்றார்.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் நான் இதைச் செய்தேன்.

சமைக்கும் நேரம், நகருக்கு வெளியே ஆர்ஜொந்தெயிலிருந்து அக்கா போன் எடுப்பாள். "கறுவல் என்ன செய்யுது?" என்பாள். "கறுவல் பேப்பர் வாசிக்குது," என்பேன். கறுப்பர்களைக் குறிக்க எங்கள் ஆட்கள் வாய் கூசாமல் சொல்லும் சொல் அது. 'வாசிக்கிறார்' என்றுகூட எனக்கு வரவில்லை. அவருக்குத் தமிழ் விளங்காது என்ற துணிவு. ஆனால் தினமும் காதில் விழும் சொல்லை யாருக்குத்தான் அடையாளம் தெரியாது? ஒருநாள், 'ற' வராத நாக்கால் கேட்டார்.

"கருவல் என்றால் என்ன? நான்தானே அது?"

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. "வயதில் பெரியவரை மரியாதையாக அப்படிச் சொல்வோம்," என்றேன்.

அவர் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது.

சில நாட்கள் கழித்து, மாம்பழம் வாங்க வேண்டுமென்று என்னோடு, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் தெருவுக்கு வந்தார். நான் வழக்கமாகப் போகும் தமிழ்க் கடை. "ஆர் அக்கா இவர்?" என்று கல்லாவில் நின்றவர் கேட்டார். தன்னைப் பற்றித்தான் கேட்கிறார் என்று விளங்கி, முதியவர் நெஞ்சில் கை வைத்து, நிமிர்ந்து நின்று சொன்னார்.

"போன்ஜூர். நான் இவருடைய கருவல்."

கல்லாக்காரர் வெடித்துச் சிரித்தார். மரக்கறி பொறுக்கிக்கொண்டு நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். "அக்கா, நல்லாப் பழக்கி வைச்சிருக்கிறியள்!"

நானும் சிரித்தேன். அதை மறைத்து இதை எழுத முடியாது.

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். கையிலிருந்த மாம்பழத்தைப் பெட்டியில் திரும்ப வைத்துவிட்டு வெளியே போனார்.

மெட்ரோ பாலத்தின் கீழ் ஓடிப்போய்ப் பிடித்தேன். பொய் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள் என்றேன்.

"உண்மையில் என்ன அர்த்தம்?"

பிரெஞ்சில் அதற்குப் பொருத்தமான சொல் எனக்குத் தெரிந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னேன். மேலே ரயில் ஒன்று கடந்து போனது.

"படையிலும் என்னை அப்படிக் கூப்பிட்டார்கள்," என்றார். "ஆனால் அதை மரியாதை என்று அவர்கள் யாரும் எனக்குச் சொல்லவில்லை."

வேலைக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். என்னை வேலைக்கு அனுப்பிய நிறுவனத்துக்கும் எதையும் அறிவிக்கவில்லை. அதுவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர், அன்றிலிருந்து, அறியாத பெண்ணைக் கூப்பிடுவதுபோல் 'மதாம்' என்றார். விமானங்களைப் பற்றி அதன்பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கும் தகுதியை இழந்திருந்தேன். ஒரு வருடம் கழித்து மகள் வந்து அவரைத் தன்னோடு அழைத்துப் போய்விட்டாள்.

"கறுவல் போயிட்டுதோ?" என்று அக்கா போனில் கேட்டாள்.

"ஓம், அவர் போயிட்டார். இனி அப்பிடிச் சொல்லாதை அக்கா."

"ஏன், உனக்கு என்ன வந்தது?"

கடையில் நடந்ததை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. கேட்டால் சிரிப்பாளோ என்று பயம். அதைவிட, நானும் சேர்ந்து சிரித்ததைச் சொல்ல வேண்டிவரும்.