பின்பக்கத்தில் தெரிந்த மலை

குண்டசாலைச் சந்தியில் செருப்பு வார் அறுந்தது. இரண்டையும் தெருவோரக் கானில் எறிந்துவிட்டு நடந்தேன். திரும்பிப் போய் அந்த வீட்டில் ஊசிநூல் கேட்கிற எண்ணம் இல்லை.

இரண்டு வருடம் அந்த வீட்டுச் சேருக்குக் கமெரா தூக்கினேன். விக்டோரியா ராணி காலத்தில் கண்டிக்கு வந்த ஒரு வெள்ளைக்காரப் படக்காரனின் வாழ்க்கையை அவர் எழுதிக்கொண்டிருந்தார். கோப்பித் தோட்டத்தில் தோற்றுப் படம் பிடிக்க இறங்கியவன் அவன். கண்ணாடித் தட்டில் பூசிய மருந்து காய்வதற்குள் படத்தைக் கழுவ வேண்டும். அதனால் இருட்டுக் கூடாரத்தையும் மலை மலையாகத் தூக்க வைத்தான். தூக்கியவர்களைக் குறிப்பேட்டில் ‘கூலிகள்’ என்று எழுதினான். அதோடு சரி.

அவன் நின்று படம் எடுத்த இடங்களைக் கண்டுபிடிப்பது என் வேலை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், ஆனால் மலை தெரியும். புத்தக அட்டைக்கு வைத்த படத்தில் இருந்த மலை ஒன்றுதான் கிடைக்கவில்லை. மண்சரிவில் போய்விட்டது என்று சேர் எழுதிவிட்டார்.

அன்று காலை அட்டைத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பின்பக்கமாகத் தெரிந்தது ஹுன்னஸ்கிரிய மலை, நான் பிறந்த தோட்ட லயத்துக்கு மேலே நிற்பது. சேர் கண்ணாடித் தட்டைப் புரட்டி வைத்துப் பிரதி எடுத்திருக்கிறார். படத்தில் இடது வலதாகிவிட்டது.

சொல்ல வாயெடுத்தபோது நன்றிப் பக்கம் கண்ணில் பட்டது. கார்ச் சாரதி, சமையல்காரி, சேரின் நாய்.

“சேர், என் பேரக் காணோமே.”

“இது படம் எடுத்தவன்ர சரித்திரமடாப்பா, தூக்கினவன்ர இல்லை.”

“நாய் பேரு இருக்குங்களே.”

“அது என்னோட இரவிரவா முழிச்சிருந்தது.” சிரித்தார். “பின்னேரம் அச்சுக்குப் போகுது. வேற பிழை ஏதும் கண்டனியோ?”

“இல்லைங்க சேர்.”

புத்தக வெளியீட்டை ஹுன்னஸ்கிரியவில் படக்காரன் தங்கிய பழைய பங்களாவில் வைக்க ஏற்பாடு செய்திருந்தார் சேர். அது இப்போது விடுதி. வெறுங்காலோடு பஸ் ஏறி அங்கேதான் போனேன். மறுநாள் காலை மனேஜர் முன்னால் நின்றேன்.

“என்ன வேலை தெரியும்?”

“வர்றவங்களுக்கு மலை காட்டுவேங்க.”

“நல்லதாப் போச்சு. அடுத்த மாசம் ஒரு சேர் புத்தகம் வெளியிட வர்றாரு, கூட நூறு பேரு. கூட்டிட்டுப் போவியா?”

பங்களாவுக்குப் பின்னால் அரைமணி ஏறினால் படக்காரன் நின்று அட்டைப் படத்தை எடுத்த பாறை, எதிரே அதே மலை. எல்லோர் கையிலும் புத்தகம் இருக்கும். நான் ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை.

“போறேங்க,” என்று வேலையை வாங்கிக்கொண்டேன்.