ரெண்டாவது தபா குடுத்த லட்டு

எங்க ஊட்ல ஒரு அருவாமனை கீது. மூக்கு மழுங்கி, பலகை நடுவுல குழிஞ்சி போச்சி. இப்ப அத்த எப்பவாச்சும் தான் எடுக்கறது. மீனக் கடையிலயே வெட்டி, கழுவி, பையில போட்டுக் குடுத்துடறான். அப்ப அப்டி இல்ல. ஞாயித்துக்கெழம ஆனா, சேக்காட்டுல எங்க தெருக் கொழா கிட்ட என் சம்சாரம் அந்த அருவாமனையப் போட்டுகினு ஒக்காருவா. எதுருல என் பெரிய பொண்ணு குந்திகினு இருப்பா. ஏரிக் கெண்டை. வயித்தக் கீறிக் கொடல எறியறதுக்குள்ள, "இரும்மா"ன்னு கைய நீட்டி வாங்கிக்குவா. கொடலோட வெள்ளையா ஒரு காத்துப் பை வரும். பலூன நடுவுல இறுக்கிக் கட்னா மாதிரி ரெண்டு அறையா இருக்கும். அத்தக் கால்ல போட்டு டப்புன்னு ஒடைக்கறதுக்குன்னே தெருப் பசங்க நிப்பானுங்க. இவ தர மாட்டா. பூவரச எலையில எல்லாத்தையும் பிரிச்சி வெச்சி, இது ஈரல், இது இருதயம்னு எனக்குக் காட்டுவா. ஈ மொய்க்கும், பூனை சுத்தி சுத்தி வரும், அவுளுக்கு ஒண்ணும் தெரியாது.

நான் அப்ப அம்பத்தூர் எஸ்டேட்ல போல்ட்டு நெட்டு செய்யற கம்பெனில மிஷின்ல நின்னுகினு இருந்தேன். படிப்புன்னா எனக்குக் கையெழுத்து போடத் தெரியும், ரயிலுக்கு எந்தப் பக்கம் நிக்கணும்னு தெரியும், அவ்ளோதான். எங்க ஷெட்ல ஒரு வழக்கம். யாரு ஊட்டுப் புள்ளைக்காவது பதினொண்ணாவதுல ஃபர்ஸ்ட் குரூப்பு கெடைச்சா, அப்பங்காரன் எல்லாருக்கும் லட்டு குடுக்கணும். ஃபர்ஸ்ட் குரூப்புல கணக்கும் உண்டு, உயிரியலும் உண்டு. செகண்ட் குரூப்புல கணக்கு கெடையாது, அதுக்கு பதிலா செடி கொடி, பூச்சி, மிருகம்னு ஜாஸ்தி படிக்கணும். இதெல்லாம் நான் அப்பால தெரிஞ்சிகினது. அன்னிக்கு எங்க எல்லாருக்கும் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. மொதல்ல வந்த புள்ளைங்களுக்கு மொத குரூப்பு, அதுங்களுக்குக் கீழ கீறதுங்களுக்கு ரெண்டாவது குரூப்பு. ரயில்ல ஃபர்ஸ்ட் கிளாஸ், செகண்ட் கிளாஸ் இல்ல? அதே கணக்கு தான்.

எங்க சூப்பர்வைசரு பையனுக்கு ஃபர்ஸ்ட் குரூப்பு கெடைச்சி லட்டு வந்துது. எம் பொண்ணு பத்தாவதுல அவ இஸ்கூல்லயே மொத மார்க்கு. அப்பறம் அவளக் கேக்கறதுக்கு இன்னா கீது? பஸ் ஸ்டாண்டு கிட்ட ஒரு கடையில சொல்லி வெச்சி, சூடா வாங்கினு போயி ஷெட்டு முழுக்கக் குடுத்துட்டேன். கேட்டு வாட்ச்மேனக்கூட உடல. சாயங்காலம் ஊட்டுக்கு வந்தா, அவ பாவாடையச் சொருவிகினு துணி தொவைச்சிகினே சொல்றா, செகண்ட் குரூப்புல சேந்துட்டேன் நைனான்னு.

எம் பொண்ண யாரோ கீழ எறக்கிட்டாங்கன்னு தான் தோணுச்சி. மறுநாளு விசயத்தச் சொல்லி பர்மிசன் கேக்கப் போனா, சூப்பர்வைசரு வெத்தலைய ஒரு பக்கம் ஒதுக்கிகினு, "இன்னா அண்ணாத்தே, லட்டு செரிச்சே போச்சே, இப்ப எப்டித் திருப்பித் தர்றது?"ன்னாரு. பின்னால நின்ன பசங்க சிரிச்சானுங்க. காக்கிச் சட்டை, கையெல்லாம் எண்ணெய், அப்டியே போயி ஆவடில அவ இஸ்கூலு பெரிய டீச்சரம்மா ரூம்ல நின்னேன். எம் பொண்ணுக்கு மொத குரூப்பு குடுங்கம்மான்னு கும்பிட்டேன்.

அந்தம்மா என்ன ஒக்கார வெச்சிது. ஒண்ணு, ரெண்டுங்கறது ஒசத்தி தாழ்த்தி இல்லன்னு பொறுமையா சொல்லிச்சி. எம் பொண்ணத்தான் மொதல்ல கூப்ட்டு ஃபர்ஸ்ட் குரூப்பு குடுத்தாங்களாம். அவ தான் வேணாம்னாளாம். கணக்க உட்டா இன்ஜினியரு வேலைக்குப் போற வழி மூடிடும்னு எடுத்துச் சொல்லியும் கேக்கலையாம். "குரூப்பு மாத்தறது இன்னிக்கு சாயங்காலத்தோட முடிஞ்சிது. அப்பா நீங்க சொல்லுங்க, மாத்திடறேன்"னு சொல்லிட்டு, அவளக் கூப்ட்டு அனுப்பிச்சி.

வந்து நின்னா. அழல, தலையும் குனியல. "நீ சொன்னா நான் கணக்கே எடுத்துக்கறேன் நைனா. நல்லாவும் பண்ணுவேன். ஆனா கணக்கு போடும்போது எப்ப முடியும்னு கீது. மீன அறுத்துப் பாக்கும்போது முடிஞ்சிடக் கூடாதேன்னு கீது."

நான் எங் கையப் பாத்தேன். மிஷின்ல நிக்கற ஒவ்வொரு நாளும், சங்கு எப்ப ஊதும், எப்ப ஊதும்னு தான் என் காது இருக்கும். முடியக் கூடாதுன்னு ஒரு வேலைய நெனைக்க முடியும்னு எனக்கு அன்னிக்குத் தான் தெரிஞ்சிது, அதுவும் எம் பொண்ணு வாயால. "இருக்கறதே இருக்கட்டும் டீச்சரம்மா"ன்னு சொல்லிட்டு எழுந்துட்டேன்.

மறுநாளு அதே கடை, அதே லட்டு. சூப்பர்வைசரு டப்பாவப் பாத்து முழிச்சாரு. செகண்ட் குரூப்புக்கா லட்டுன்னாரு. "ஆமா சார். அன்னிக்குக் குடுத்தது நான் ஆசப்பட்டதுக்கு. இது அவ ஆசப்பட்டதுக்கு"ன்னேன். மனுசன் ரெண்டு எடுத்துகினாரு.

அப்பால நடந்தது தான் கூத்து. பன்னெண்டாவதுல தவளை அறுக்கணும்னு சொன்னா. மழை நின்ன கையோட முத்தாபுதுப்பேட்டை பக்கம் வயலு வரப்புல அலைஞ்சி, கோணியில புடிச்சிகினு சைக்கிள்ல வருவேன். கேரியர்ல கோணி குதிக்கும். இன்னா மாமே மூட்டைலன்னு எவனாவது கேட்டா, எம் பொண்ணு படிப்புடான்னுவேன்.

இப்ப அவ கடலோரத்துல ஒரு காலேஜ்ல, மீனுங்களுக்கு வர நோவப் பத்திப் பாடம் எடுக்கறா. அவளுக்கே நரை வந்துடுச்சி. இன்னும் எவனாவது பொண்ணு ஃபர்ஸ்ட் குரூப்பான்னு கேட்டா, செகண்டு குரூப்புன்னு நாலு பேருக்குக் கேக்கறா மாதிரி தான் சொல்றது.

ஊட்டுக்கு வந்தா மீன வெட்டாம வாங்கியாரச் சொல்லுவா. போன மாசமும் அப்டித்தான். கொழா கிட்ட அந்தப் பழைய அருவாமனையப் போட்டுகினு குந்தினா. நான் எதுருல நாற்காலியப் போட்டுகினேன். எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல. கெண்டை வயித்தக் கீறி, "கைய நீட்டு நைனா"ன்னு எடுத்து வெச்சா. வெரலால தடவினேன். சின்ன அறை ஒண்ணு, பெரிய அறை ஒண்ணு, உள்ள காத்து. அவ மீன் பூரா கழுவி முடிக்கற வரைக்கும், கைய மூடாம அப்டியே வெச்சிகினு இருந்தேன்.