மேசைக்கு மேலே கோயமுத்தூர்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு செய்தி வந்தது. லிஃப்ட்டிலும் கீழ்த்தள வரவேற்பறையிலும் லுங்கியோ மடித்துக் கட்டிய வேட்டியோ கூடாதாம். கட்டிடத்தின் ஸ்டாண்டர்டைக் காப்பாற்ற எல்லாரும் ஒத்துழைக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூட்டி, பொதுயோகத்தில் விவாதிக்கலாமாம். எந்த ஊரில்? பாலக்காட்டில். எப்போது? பங்குனி வெயிலில்.

நான் அப்போது கைலியோடு, மேலே ஒன்றும் இல்லாமல், ஹால் தரையில் மல்லாக்கப் படுத்திருந்தேன். செய்தியைப் படித்ததும் முதலில் என்ன செய்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எழுந்து ஓடிப்போய்ச் சட்டையை மாட்டி, கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு வந்து, மறுபடி அதே செய்தியைப் படித்தேன். போன் என்னைப் பார்க்காது என்று தெரியும். ஆனாலும் என் சுபாவம் அப்படி. பயம் பஸ் பிடித்து வந்து சேர்ந்துவிடும். கோபம் பின்னாலேயே நடந்து வரும். அன்றைக்கும் நடந்து வந்தது. வந்து சேர்ந்தபோது எனக்கு வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது, அந்தச் சட்டையால்.

"ஏனுங்க, கூட்டத்துக்காவது பேண்ட் போட்டுட்டுப் போங்க. கைலியோட போயி கைலிக்காகச் சண்ட போட்டா எவன் கேப்பான்?" என்று சொல்லி, பீரோவின் அடியிலிருந்து என் பழைய பேண்ட்டை உருவிப் போட்டாள் என் மனைவி. பாச்சை உருண்டை வாசனை குப்பென்று அடித்தது. பேண்ட்டுக்கும் எனக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு.

பிரிடிகிரி, அதாவது அந்தக் காலத்துப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து பாலக்காட்டுக்கு வேலைக்கு வந்த புதிது. கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஜவுளிக்கடை. கடைக்கு முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. இரண்டையும் திறந்து வைத்தால் கணவாய்க் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும், போகிற வழியில் எங்கள் முதுகைத் தடவிவிட்டு. மதியம் கடை சாத்திவிடுவோம். தெருவே சாத்தும். வெயில் சாய்கிற வரை துணிக்கட்டுகளின் மேல் படுத்துத் தூங்குவோம். புதுத்துணிக் கஞ்சி வாசனையில் வருகிற தூக்கம் இருக்கிறதே, அதற்கு ஈடு எந்த மெத்தையும் கிடையாது.

எங்கள் மொதலாளி நல்ல மனிதர்தான், கோயமுத்தூரில் ஒரு பெரிய கடைத் திறப்புவிழாவுக்குப் போய்விட்டு வரும் வரைக்கும். போனவர் வேறு ஆளாகத் திரும்பி வந்தார். அங்கே விற்பனை ஆட்கள் பேண்ட், ஷூ, டையோடு நின்றார்களாம், பார்க்கவே ஒரு களையாம். விஷு வியாபாரம் தொடங்கும் முன்னால் எங்களுக்கும் அதே வேஷம் என்று உத்தரவு. மதியம் சாத்துவதும் இனி இல்லை. வேட்டியோடு எவனாவது கண்ணில் பட்டால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். அவரே கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் கைகூப்பி நின்றார். டெரிகாட்டன் பேண்ட்டை அந்த ஊர் வெயிலில் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? இட்லிக்குண்டானுக்குள் காலை விட்ட மாதிரி இருக்கும். இரண்டு நாளில் நாங்கள் எல்லாரும் காலை அகட்டி அகட்டி நடந்தோம். மேலிருந்து பார்த்தால் கடை முழுக்க வாத்துகள் டை கட்டித் திரிவது போல இருந்திருக்கும்.

வேட்டிப் பிரிவில் நின்றவர் தங்கவேலண்ணன். கோவிந்தாபுரம் பக்கம் கிணறு வற்றி, வெள்ளாமை வைத்த காட்டை அப்படியே விட்டுவிட்டு வேலைக்கு வந்த மனிதர். மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்பு இந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்குத் தொடையில் ஏற்கெனவே படை. மூன்றாம் நாள் பேண்ட்டைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டார்.

"என்னண்ணா பண்ணப் போறீங்க?" என்றேன்.

"மொதலாளிக்கு வேண்டியது மேலதானடா? மேல குடுத்துருவோம்" என்றார்.

துணி விரித்துக் காட்டுகிற மேசை உயரமானது. முன்பக்கம் முழுக்கப் பலகை அடித்திருக்கும். அதற்குப் பின்னால் தங்கவேலண்ணன் நின்றார், மேலே வெள்ளைச் சட்டையும் நீல டையும், கீழே மடித்துக் கட்டிய வேட்டி. மேசைக்கு மேலே கோயமுத்தூர், கீழே கோவிந்தாபுரம். மொதலாளி வருவதற்குள் வந்துவிடுவார். அவர் போன பிறகுதான் வெளியேறுவார். நடுவில் ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் நானும் இன்னொருவனும் ஒரு சேலையை அகல விரித்துப் பிடித்தபடி பின்கதவு வரை மெல்ல நகர்வோம், அண்ணன் அதன் மறைவிலேயே வருவார். "அது என்னடா சேல, நடந்துட்டே காட்டறீங்க?" என்று மொதலாளி ஒருநாள் கேட்டார். "வெளிச்சத்துல கலர் பாக்கறமுங்க" என்று நான் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

எனக்கு அவ்வளவு துணிச்சல் வராது. நான் பேண்ட்டைக் கழற்றவில்லை. முட்டிக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். ஒருநாள் மொதலாளி திடீரென்று மேசைக்கு எதிரே வந்து நின்றார். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியுமே. மடித்துக் கட்டியிருக்கும்போது பெரியவர்கள் எதிரில் வந்தால் வேட்டியைச் சட்டென்று இறக்கிவிட வேண்டும். மரியாதை எங்களுக்குக் கையில்தான் இருக்கிறது, தானாகவே வேலை செய்யும். என் கை இடுப்புக்குப் போனது. அங்கே மடிப்பு இல்லை, பெல்ட்தான் இருந்தது. பதற்றத்தில் கை அதையே அவிழ்த்துவிட்டது. பேண்ட் நழுவ, பிடிக்கக் குனிந்தேன். டை மேசை இழுப்பறையில் மாட்டிக்கொண்டது. மொதலாளியின் கண்ணுக்கு நான் மேசைமேல் தலை வைத்துக் கும்பிடுவது போலத் தெரிந்திருக்கும். "போதும் போதும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

விஷுவுக்கு முந்தின வாரம் நல்ல உச்சிவேளையில் கரண்ட் போனது. வேலந்தாவளத்திலிருந்து ஒரு குடும்பம் கல்யாண வேட்டி எடுக்க வந்திருந்தது. வாசலில் கோட்டோடு நின்ற மொதலாளி, "வாங்க வாங்க" என்று சொல்லிக்கொண்டே சரிந்து விழுந்தார். நாங்கள் திகைத்து நின்றோம். தங்கவேலண்ணன் ஒரே தாவில் மேசையைத் தாண்டி வந்தார்.

"தண்ணி கொண்டாங்கடா! மொதல்ல கோட்டக் கழட்டு!"

கோட்டு போனது, டை போனது, ஷூ போனது. அங்கேயே ஒரு புது வேட்டியை உதறி, அதன் மறைவில் பேண்ட்டையும் உருவிவிட்டு, அந்த வேட்டியையே மொதலாளிக்குச் சுற்றிவிட்டார். முகத்தில் தண்ணீர் தெளித்து, பின்கதவுப் பக்கம் இழுத்துப் படுக்க வைத்தோம். மொதலாளி கண்ணைத் திறக்காமலே, "காத்து... நல்லா வருதுடா" என்றார். அவர் வாயிலிருந்து அந்த மாதம் முழுவதும் வந்த ஒரே உண்மை அதுதான்.

அப்போதுதான் வேலந்தாவளத்து அம்மா ஒருவர் தங்கவேலண்ணனை மேலிருந்து கீழே பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏனுங் தம்பி, மேல டையி, கீழ வேட்டி. இதென்னுங் புது மோஸ்தரா?"

கடை மொத்தமும் சிரித்தது. மொதலாளி கண்ணைத் திறந்தார்.

சாயங்காலம் பேண்ட்டுக்குள் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னார். "தங்கவேலு, நாளையிலருந்து நீ வர வேண்டாம்."

"மொதலாளி, புள்ளைக்கு இன்னும் ஒரு வருசப் படிப்பு பாக்கி இருக்குதுங்க."

"அதுக்கு நான் என்ன பண்ண? சனமெல்லாம் பாத்துச் சிரிச்சுப்போச்சு. கடைக்குன்னு ஒரு மருவாதி வேண்டாமா?"

எனக்குள் எது அன்றைக்கு நடந்து வந்ததோ தெரியாது, பயத்துக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. மேசைக்கு வெளியே போய், "மொதலாளி, நானுந்தானுங்க இப்படி நின்னேன், பாருங்க" என்று சுருட்டிய பேண்ட்டையும் என் முட்டியையும் காட்டினேன். கால் கிடுகிடுவென்று ஆடியது. முட்டியைக் காட்டினேனா, ஆட்டிக் காட்டினேனா என்று அவருக்குப் புரிந்திருக்காது.

"நீ பேண்ட் போட்டிருக்கியில்ல? எறக்கி உட்டுட்டு வேலையப் பாரு."

கேட்டீர்களா நியாயத்தை! முட்டி தெரியலாம், அகட்டி நடக்கலாம், மயங்கியும் விழலாம். அதெல்லாம் மரியாதை. மயங்கியவனைத் தூக்கியது குற்றம், வேட்டியோடு தூக்கியதால். இன்று நினைத்தாலும் எனக்குப் பல் கடிபடுகிறது.

தங்கவேலண்ணன் டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அந்தப் பேச்சு முழுக்க மொதலாளிக்கு முன்னால் வேட்டியை இறக்கிவிட்டே நின்றவர், அவர் முகத்தைப் பார்த்தபடியே குனிந்து, நுனி இரண்டையும் எடுத்து, முட்டிக்கு மேலே மடித்துக் கட்டினார். முன்கதவு வழியாகவே நடந்து போனார்.

அப்புறம் வேலந்தாவளம் சந்தை நாளில் ஒரு புளியமரத்தடியில் துணிமூட்டையை அவிழ்த்து உட்கார்ந்திருப்பார். மகள் படிப்பு ஒரு வருடம் நின்று, பிறகு முடிந்தது. "புள்ளைக்குக் குளிர் நாட்டுல வேல கெடச்சிருக்குதுடா, அங்க கோட்டு போடறதுல ஒரு ஞாயம் இருக்குது" என்றார். அண்ணன் கண்ணை மூடிச் சில வருடம் ஆகிறது.

இனி எங்கள் குடியிருப்பின் பொதுயோகத்துக்கு வருகிறேன். பெங்களூரிலிருந்து குடிவந்த இளைஞர் ஒருவர், "அங்கிள், இந்த ஊரு மனுஷன் இருக்கற மாதிரியே இல்ல. சூடு ஒரு பக்கம், ஃபேஷன் சென்ஸ் சுத்தமா கிடையாது" என்றார். ஜீன்ஸுக்குள் அவர் வெந்துகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. பேச எழுந்தேன். மூன்று நாளாக மனசுக்குள் முழங்கிய பிரசங்கத்தில், "சூடு லிஃப்ட்டுக்குள்ளயும் இருக்குதுங்க" என்ற ஒரு வரி மட்டும்தான் வெளியே வந்தது. உடனே செக்ரட்டரி என்னைச் சுட்டிக்காட்டி, "பாருங்க, சார் எவ்வளவு நீட்டா பேண்ட்ல வந்திருக்கார்!" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். என்னை வைத்தே தீர்மானம் நிறைவேறியது. அதே கூட்டத்தில் அடுத்த தீர்மானம்: விஷு அன்று ஆண்கள் எல்லாரும் ஜரிகைக்கரை போட்ட கசவு வேட்டி கட்டாயம், குரூப் போட்டோவுக்கு.

அந்த வேட்டியை வாங்க வேறு கடைக்குப் போயிருக்கலாம். வீம்புக்கு நான் வேலை பார்த்த அந்தக் கடைக்கே போனேன். இப்போது மொதலாளியின் மகன் நடத்துகிறார். முன்னால் கண்ணாடி, பின்கதவு இருந்த இடத்தில் சுவர், உள்ளே ஏசி. மதியத் தூக்கம் என்றால் என்ன என்று கேட்கிற பையன்கள் கோட்டோடு நின்றார்கள். ஒருவன் இடுப்பில் வெல்க்ரோ ஒட்டுப்பட்டையும் மொபைல் வைக்கப் பையும் தைத்த வேட்டியைக் கொண்டுவந்தான்.

"கட்டினா கரை எப்படி விழும்னு காட்டுவீங்களா தம்பி?"

"அங்க பாருங்க சார்" என்று கை காட்டினான்.

தங்கவேலண்ணன் நின்ற இடத்தில், நல்ல குளிர்காற்று விழுகிற இடமாகப் பார்த்து, ஒரு பொம்மை நின்றிருந்தது. தழையத் தழையக் கசவு வேட்டி. வேர்வை இல்லை, படை இல்லை. அந்தக் கடையில் இன்றைக்கு வேட்டி கட்டி நிற்க அனுமதி அதற்கு மட்டும்தான்.